பியானோ வாசித்தவர் குச்சியைப் பிடித்தது ஏன்? டேனியல் பாரன்பாய்மை முன்வைத்து ஒரு விளக்கம்

பியானோக் கலைஞரும் இசை நடத்துநருமான டேனியல் பாரன்பாய்ம், தனக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 82. உடல் இடம் கொடுக்கிற வரை நிகழ்ச்சிகளைத் தொடரப் போவதாகவும் அதே அறிவிப்பில் சொன்னார். செய்தியைப் படித்தவருக்கு இயல்பாக எழும் கேள்வி: கை அசைவையே பாதிக்கிற நோய் வந்தவர் எப்படி ஓர் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்த முடியும்?

அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி நிற்கிறது. வாசிப்பவர்கள் எல்லோருக்கும் முன்னால் நோட்டு இருக்கும்போது, குச்சி பிடித்து நிற்கும் ஆள் எதற்கு? அதே ஆண்டு மார்ச் 8ஆம் தேதி இளையராஜாவின் சிம்பொனி லண்டனில் அரங்கேறியபோது, ரசிகர்களுக்கு முதுகைக் காட்டி நின்ற அந்த ஆளைத் தமிழர்கள் பலர் உற்றுப் பார்த்திருப்பார்கள்.

இரண்டு கேள்விகளுக்கும் பாரன்பாய்மின் வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது. பியானோ என்ற கருவிக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. அந்தக் குறையோடு ஐந்து வயதிலிருந்து மல்லுக்கட்டியவர் அவர். நடத்துநராக அவர் செய்ததும், அரசியலில் தலையிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதும் அங்கிருந்து கிளைத்தவை என்றே நான் நினைக்கிறேன். அதனால் பியானோவிலிருந்தே தொடங்கலாம்.

ஒரு ஸ்வரம் எப்படித் தேய்கிறது

பியானோக் கட்டையை அழுத்தியதும் உள்ளே கம்பளி சுற்றிய சிறு சுத்தியல் ஒன்று எகிறிப் போய்க் கம்பியில் அடிக்கிறது. அடித்த வேகத்தில் பின்வாங்கிவிடுகிறது. அவ்வளவுதான். அதன் பிறகு அந்த ஸ்வரத்தை வாசிப்பவரால் வளர்க்க முடியாது, வளைக்க முடியாது. விரலை எடுத்தால் நிற்கும், எடுக்காவிட்டால் தானாகத் தேய்ந்து மறையும்.

வயலின்காரர் வில்லை இழுக்க இழுக்க ஒலியைப் பெருக்கலாம். வீணையிலும் மீட்டிய ஒலி தேயத்தான் செய்கிறது, ஆனால் தந்தியை இழுத்துக் கமகம் கொடுத்து அதற்கு உயிரூட்ட வழி இருக்கிறது. பியானோவில் அந்தக் கதவும் அடைப்பு.

இருந்தும் நல்ல வாசிப்பைக் கேட்கும்போது, ஸ்வரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பாட்டுப்போல ஓடுவதாகத் தோன்றுகிறதே? அது கலைஞர் உண்டாக்கும் பிரமை. அதற்கு மூன்று வழிகள் உண்டு.

1. முந்தைய ஸ்வரம் எந்த அளவுக்குத் தேய்ந்திருக்கிறதோ, ஏறத்தாழ அந்த அளவிலேயே அடுத்ததைத் தொடங்குவது. இதற்கு விரல் பலத்தைவிடக் காது முக்கியம். முதல் ஸ்வரத்தின் கடைசித் துளி வரை கேட்டுக்கொண்டிருந்தால்தான் அடுத்ததைச் சரியான எடையில் வைக்க முடியும்.

2. வலது கால் பெடல். அதை மிதித்தால் கம்பிகளை அமுக்கி வைத்திருக்கும் பஞ்சுக் கட்டைகள் எல்லாம் மேலே எழும். விரல் எடுத்த பிறகும் ஒலி நீளும், அடிக்காத கம்பிகளும் சேர்ந்து அதிரும்.

3. பல ஸ்வரங்கள் ஒரே சமயத்தில் ஒலிப்பதைக் கார்டு என்கிறோம். அதில் எந்த விரலுக்கு எவ்வளவு எடை என்று பிரித்துக் கொடுப்பது. நாலு விரல்கள் ஒன்றாக இறங்கினாலும் சுண்டுவிரல் மட்டும் பாட வேண்டும், மற்றவை பின்னால் நிற்க வேண்டும்.

1799இல் வெளியான பீத்தோவனின் 'பதெடிக்' என்ற பியானோ சொனாட்டாவின் முதல் கார்டை எடுத்துக்கொள்வோம். கனத்த சி மைனர் கார்டு. அதன் கீழே, உரக்கத் தொடங்கி உடனே மென்மையாகு என்று குறித்திருக்கிறார் பீத்தோவன். ஆர்க்கெஸ்ட்ராவுக்கு இது எளிது. பியானோவில் அடித்த கார்டு உடனே மென்மையாகாது, அது தேயும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். எவ்வளவு நேரம்? அது அந்தப் பியானோவையும் அந்த அரங்கையும் அன்றைய வாசிப்பையும் பொறுத்தது. ஒலி என்ன ஆகிறது என்று கேட்டுவிட்டு அடுத்த அடி வைப்பது, பாரன்பாய்ம் தன் வகுப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்த பாடம்.

அவர் விடாமல் வலியுறுத்திய இன்னொன்றும் பீத்தோவன் விஷயம்தான். ஒலி படிப்படியாக ஏறிக்கொண்டே போகும், உச்சிக்கு வரவேண்டிய இடத்தில் திடீரென்று மென்மை என்று எழுதியிருப்பார் பீத்தோவன். முக்கால்வாசிப் பேர் உச்சிக்குச் சற்று முன்பே பயந்துகொண்டு குறைக்க ஆரம்பித்துவிடுவார்கள். பாறை விளிம்பு வரை வேகம் குறைக்காமல் போய், கடைசி அடியில் நிற்கும் துணிச்சல் வேண்டும் என்பார் பாரன்பாய்ம். ஒருவர் பத்து விரல்களோடு இதைச் செய்வதே கடினம். நூறு பேர் சேர்ந்து செய்ய வேண்டுமென்றால்?

குச்சி பிடித்தவரின் வேலை

ஆர்க்கெஸ்ட்ராவில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் முன்னால் இருப்பது அவரவர் வாசிக்க வேண்டிய பகுதி மட்டும். ஓபோ என்ற ஊதுகருவியை வாசிக்கும் இரண்டாமவருக்குத் தன் ஸ்வரங்களும், இடையில் எத்தனை தாள அளவு சும்மா இருக்க வேண்டும் என்ற எண்ணும்தான் தெரியும். எல்லாருடைய பகுதிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிட்ட முழு ஸ்கோர் நடத்துநரிடம் இருக்கிறது. பாரன்பாய்ம் பெரும்பாலும் அதையும் மனப்பாடமாக வைத்துக்கொண்டு மேடை ஏறுபவர். கச்சேரியில் அவர் செய்வது என்ன?

1. முன்கூட்டிச் சொல்வது. கை கீழே விழும்போது ஒலி வந்தாக வேண்டும். அப்படியென்றால் அதன் வேகமும் கனமும் குணமும் அதற்கு முந்தைய மேல்நோக்கிய அசைவிலேயே தெரிந்துவிட வேண்டும். பாடகர் மூச்சை இழுக்கும் விதத்திலேயே பக்கவாத்தியக்காரருக்கு எடுப்பு புரிகிற மாதிரி. நடத்துநர் சத்தம் வருவதற்கு முன்னால் வேலை செய்கிறவர். வந்த பிறகு அசைத்து அதிகப் பயனில்லை.

2. தூரத்தைச் சரிசெய்வது. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். பின்வரிசை டிரம்பெட்டுக்கும் முன்வரிசை வயலினுக்கும் 15 மீட்டர் இடைவெளி என்றால், ஒருவர் ஒலி மற்றவரை அடைய வினாடியில் சுமார் இருபத்து மூன்றில் ஒரு பங்கு ஆகும். காதை மட்டும் நம்பினால் பின்வரிசை எப்போதும் தாமதம். கண்ணால் பார்க்கும் கைக்கு அந்தத் தாமதம் இல்லை.

3. எடையைப் பங்கிடுவது. மேலே சொன்ன சுண்டுவிரல் கதைதான். மூன்று டிராம்போன்களும் ஒரு புல்லாங்குழலும் ஒரே கார்டில் இருந்தால், நோட்டில் ஒரே குறியீடு இருந்தாலும் ஒரே பலத்தில் வாசிக்க முடியாது, புல்லாங்குழல் மூழ்கிப்போகும்.

4. இதில் பெரும்பகுதி ஒத்திகையில் முடிந்துவிடுகிறது. வில்லை மேலே இழுப்பதா கீழே இழுப்பதா, ஒரு ஸ்வரத்தை எவ்வளவு நீளம் பிடிப்பது, யார் யாரைக் கேட்டு வாசிக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கேயே பேசி முடிவாகும். மேடையில் நாம் பார்க்கும் கையசைப்பு அந்தப் பேச்சின் நினைவூட்டல்.

நான்காவது புள்ளியைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நோய் பற்றிய கேள்விக்கு வரும்போது தேவைப்படும்.

பியானோக்காரர்கள் இந்த வேலைக்குத் தோதானவர்கள் என்பதும் இதிலிருந்து விளங்கும். வயலின்காரர் பெரும்பாலும் ஒரு வரியை வாசிக்கிறார். பியானோக்காரர் சிறு வயதிலிருந்தே மேலிருந்து கீழ் வரை முழு ஹார்மனியையும், அதாவது ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரங்களின் சேர்க்கையையும், ஒரே பார்வையில் படித்து, நாலைந்து குரல்களைத் தனியாகக் கேட்டுப் பழகியவர். 19ஆம் நூற்றாண்டில் ஹான்ஸ் ஃபான் பியூலோ, அப்புறம் ஜார்ஜ் ஷோல்டி, லெனார்ட் பெர்ன்ஸ்டைன், விளாதிமிர் அஷ்கெனாசி என்று பியானோவிலிருந்து குச்சிக்குப் போனவர்கள் பட்டியல் நீளம். ஆனால் இரண்டையும் கடைசி வரை ஒரே எடையில் சுமந்தவர்கள் குறைவு. பாரன்பாய்ம் அந்தக் குறைவானவர்களில் முதல் வரிசை.

ப்யூனஸ் அயர்ஸ் வீடு

1942 நவம்பர் 15 அன்று அர்ஜென்டினாவின் ப்யூனஸ் அயர்ஸில், ரஷ்யாவிலிருந்து குடிபெயர்ந்த யூத வழியில் வந்த குடும்பத்தில் பிறந்தவர். அம்மா அய்தா, அப்பா என்ரிக்கே, இருவரும் பியானோ ஆசிரியர்கள். வீட்டு மணி அடித்தாலே யாரோ பாடத்துக்கு வந்திருப்பார்கள். அதனால் உலகத்தில் எல்லோருமே பியானோ வாசிப்பவர்கள் என்று சின்ன வயதில் நம்பிக்கொண்டிருந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். ஐந்து வயதில் அம்மாவிடம் தொடங்கினார். பிறகு அப்பாவிடம். பியானோவுக்கு அவருக்கு வேறு ஆசிரியரே கிடையாது.

அப்பாவின் முறை கவனிக்க வேண்டியது. நம் ஊர் சரளி வரிசைபோல அங்கே ஸ்கேல் பயிற்சிகள் உண்டு. எல்லாப் பிள்ளைகளும் மணிக்கணக்கில் அதை ஓட்டுவார்கள். என்ரிக்கே அதைக் கொடுக்கவில்லை. மொசார்ட்டின் கன்செர்ட்டோக்களில் (பியானோவும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பவை) இல்லாத ஸ்கேலா, அதிலேயே கற்றுக்கொள் என்பது அவர் கட்சி. விரல் பயிற்சி வேறு, இசை வேறு என்ற பிரிவே அந்தப் பையன் மனதில் விழவில்லை.

1950 ஆகஸ்டில், ஏழு வயதில், முதல் கச்சேரி. 1952இல் குடும்பம் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தது. 1954 கோடையில் இகோர் மார்க்கெவிச்சின் நடத்துநர் வகுப்புக்காக அவரை ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்குக் கூட்டிப்போனார்கள். அங்கே வில்ஹெல்ம் ஃபுர்ட்வெங்லர் முன்னால் வாசித்தார். பெர்லின் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவின் தலைமை நடத்துநர், அன்று ஜெர்மன் இசையின் உச்சத்தில் இருந்தவர். இந்தப் பதினொரு வயதுப் பையன் ஓர் அதிசயம் என்று எழுதிக் கொடுத்த ஃபுர்ட்வெங்லர், பெர்லினில் வந்து வாசிக்கவும் அழைத்தார்.

அப்பா மறுத்துவிட்டார். யூதப் படுகொலை முடிந்து ஒன்பது வருடம்தான் ஆகியிருந்தது. இஸ்ரேலிலிருந்து ஒரு யூதக் குழந்தையை பெர்லினுக்கு அனுப்ப இன்னும் நேரம் வரவில்லை என்றார். அந்த நவம்பரிலேயே ஃபுர்ட்வெங்லர் இறந்துபோனார். கடிதம் மட்டும் பாரன்பாய்ம் போன இடமெல்லாம் கதவைத் திறந்தது. அதைவிட முக்கியமாக, அந்தச் சில நாட்கள் ஃபுர்ட்வெங்லரின் ஒத்திகைகளில் உட்கார்ந்து கேட்டது அவருக்குள் ஆழமாக இறங்கிவிட்டது.

தாளம் நெகிழலாமா?

ஃபுர்ட்வெங்லரிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய சண்டையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் இரண்டு கட்சிகள் இருந்தன. இத்தாலிய நடத்துநர் டோஸ்கனினியின் வழியில், எழுதியது எழுதியபடி, காலப்பிரமாணம் இம்மியும் அசையாமல். ஃபுர்ட்வெங்லரின் வழியில், ஹார்மனி இறுகும் இடத்தில் காலம் கொஞ்சம் கனக்கும், தளரும் இடத்தில் இளகி ஓடும்.

இரண்டாம் வழியில் ஓர் ஆபத்து இருக்கிறது. மனம் போன போக்கில் இழுத்தால் கட்டடமே சரிந்துவிடும். எங்கே நேரம் எடுத்தோமோ அதை எங்கேயோ திருப்பிக் கொடுத்தாக வேண்டும். பாரன்பாய்ம் இந்தப் பக்கம்தான். எடுத்த நேரத்தைத் திருப்பிக் கொடுப்பதில் அவர் கணக்கு பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். வாக்னர், புரூக்னர் போன்ற நீண்ட மூச்சு வேண்டிய இசையில் அவர் ஏன் இவ்வளவு மதிக்கப்பட்டார் என்பதற்கு இதுதான் காரணம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் புரூக்னர் சிம்பொனியில் உச்சம் எது என்று முதல் நிமிடத்திலேயே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

உட்கார்ந்தபடியே நடத்துவது

1955இல் பாரிஸில் இசை ஆசிரியர் நாடியா பூலாஞ்சேயிடம் ஹார்மனியும் இசையமைப்பும் படித்தார். 1956இல் இத்தாலியின் சியனா நகரத்து வகுப்பில், பின்னாளில் பெரிய நடத்துநர்களான ஸுபின் மேத்தாவும் கிளாடியோ அபாடோவும் உடன் படித்தவர்கள். மும்பையில் பிறந்த மேத்தாவோடு அன்று தொடங்கிய நட்பு வாழ்நாள் முழுவதும் நீடித்தது.

1960களின் நடுவில் லண்டனின் இங்கிலீஷ் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ராவோடு மொசார்ட்டின் பியானோ கன்செர்ட்டோக்களை வரிசையாகப் பதிவு செய்யத் தொடங்கினார். தனி நடத்துநர் கிடையாது. பியானோவின் மூடியைக் கழற்றிவிட்டு, ஆர்க்கெஸ்ட்ராவைப் பார்த்தபடி, ரசிகர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, வாசித்துக்கொண்டே நடத்துவது. மொசார்ட் காலத்து வழக்கமும் இதுதான்.

இதில் கை பாதி நேரம் கட்டையில் மாட்டிக்கொண்டிருக்கும். தலையசைவு, கண், மூச்சு, இவற்றை வைத்தே ஓபோவையும் கொம்புகளையும் உள்ளே கொண்டுவர வேண்டும். அவர்களும் கைக்காகக் காத்திருக்காமல் பியானோவைக் கேட்டு வாசிக்கப் பழக வேண்டும். கையே இல்லாமல் நடத்த முடியும் என்பதை அவர் இருபத்தைந்து வயதுக்குள் தினசரி வேலையாகவே செய்துகொண்டிருந்தார்.

அதே காலத்தில்தான் செல்லோக் கலைஞர் ஜாக்குலின் டு ப்ரேயுடன் திருமணம், 1967 ஜூனில், ஜெருசலேமில், ஆறு நாள் போர் முடிந்த கையோடு. இருவரும் சேர்ந்து வாசித்த பதிவுகள் சில ஆண்டுகளுக்குள் அடங்கிவிட்டன. 1973இல் டு ப்ரேக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் என்று தெரிந்தது. விரலில் உணர்வு போய், வில்லின் எடை தெரியாமல் போய், 28 வயதில் மேடை முடிந்துவிட்டது. 1987இல் 42 வயதில் இறந்தார். 1969இல் படமாக்கப்பட்ட ஷூபர்ட்டின் 'ட்ரவுட்' குவின்டெட் நிகழ்ச்சியில் டு ப்ரே, பாரன்பாய்ம், வயலினில் இட்சாக் பெர்ல்மன், வயோலாவில் பின்காஸ் ஸுக்கர்மன், டபிள் பேஸில் நம் மேத்தா. ஐந்து பேரும் இளசுகள், சிரித்துக்கொண்டே வாசிக்கிறார்கள். பின்னால் நடக்கப்போவது தெரிந்து அதைப் பார்ப்பது லேசான காரியமல்ல.

பதவிகளை வேகமாகச் சொல்லிவிடலாம். பாரிஸ் ஆர்க்கெஸ்ட்ரா 1975 முதல் 1989 வரை. ஜெர்மனியின் பைராய்ட் வாக்னர் விழாவில் 1981 முதல் 1999 வரை. ஷோல்டிக்குப் பிறகு சிகாகோ சிம்பொனி, 1991 முதல் 2006 வரை. பெர்லினின் ஸ்டேட் ஓப்பரா என்ற இசைநாடக அரங்கில் 1992 முதல் 2023 ஜனவரி வரை. அந்த ஓப்பராவின் ஆர்க்கெஸ்ட்ரா 1570இல் அரசவைக் குழுவாகத் தொடங்கியது. 2000த்தில் அது அவரை ஆயுட்காலத் தலைமை நடத்துநராகத் தேர்ந்தெடுத்தது.

நடுவில் ஒரு காலைப்பொழுது மட்டும் நின்று பார்க்க வேண்டியது. 1989 நவம்பர் 9 இரவு பெர்லின் சுவர் திறந்தபோது, பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கோடு மொசார்ட் ஓப்பரா ஒன்றைப் பதிவு செய்ய அவர் அந்த ஊரில்தான் இருந்தார். மூன்று நாள் கழித்து, 12ஆம் தேதி ஞாயிறு காலை, கிழக்கு ஜெர்மானியர்களுக்கென்றே இலவசக் கச்சேரி. அடையாள அட்டையைக் காட்டினால் போதும். பீத்தோவனின் முதல் கன்செர்ட்டோவைப் பியானோவிலிருந்தே நடத்தி வாசித்தார், பிறகு எழுந்து நின்று ஏழாம் சிம்பொனி.

ஜெருசலேமில் வாக்னர்

இனி அரசியல். முதலில் பின்னணி.

1. ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னர் 1883இல் இறந்தவர். ஹிட்லர் பிறந்ததே 1889இல். ஆனால் வாக்னர் 1850இலேயே யூத இசைக்கலைஞர்களைக் கேவலப்படுத்தி ஒரு கட்டுரை எழுதியவர். நாஜிகள் அவரைத் தங்கள் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

2. 1938 நவம்பரில் ஜெர்மனியில் யூத வழிபாட்டிடங்கள் எரிக்கப்பட்டன. அதைத் தொடர்ந்து அன்றைய பாலஸ்தீன ஆர்க்கெஸ்ட்ரா வாக்னரை வாசிப்பதை நிறுத்தியது. இன்றைய இஸ்ரேல் ஃபில்ஹார்மோனிக் அதன் தொடர்ச்சி. சட்டம் எதுவும் போடவில்லை, ஆனால் வழக்கமாக இறுகிவிட்டது.

3. படுகொலையிலிருந்து தப்பியவர்கள் இஸ்ரேலில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அந்த இசை முகாம்களின் நினைவு.

2001 ஜூலை 7 அன்று ஜெருசலேம் விழாவில் பாரன்பாய்ம் தன் பெர்லின் ஆர்க்கெஸ்ட்ராவோடு வந்திருந்தார். வாக்னரை வாசிக்கக்கூடாது என்று விழாக்காரர்கள் கேட்டுக்கொண்டதால் நிகழ்ச்சியை மாற்றி ஷூமனும் ஸ்ட்ராவின்ஸ்கியும் வாசித்து முடித்தார். முடிந்ததும் ரசிகர்கள் பக்கம் திரும்பி ஹீப்ருவில் பேசினார். கூடுதலாக வாக்னரின் 'டிரிஸ்டன் உண்ட் இஸோல்ட' முகவுரையை வாசிக்க விரும்புவதாகவும், விருப்பமில்லாதவர்கள் போகலாம் என்றும் சொன்னார். அரை மணி நேரம் அரங்கத்துக்குள் வாக்குவாதம். ஃபாசிஸ்ட் என்று கூச்சல். கதவை அறைந்து சாத்திவிட்டுச் சிலர் வெளியேறினார்கள். மிச்சமிருந்த பெரும்பான்மைக்கு அவர் வாசித்தார்.

அந்த முகவுரையையே ஏன் எடுத்தார் என்பதற்கு இசைக்குள்ளேயே காரணம் இருக்கிறது. செல்லோக்கள் தனியாக, ஒன்றுமில்லாததிலிருந்து எழுவதுபோல ஒரு ஸ்வரத்தைத் தொடங்கி ஏறி இறங்குகின்றன. அது போய் நிற்கும் கார்டு சமனில் வந்து முடியாமல் இன்னொரு கேள்வியில் தொங்கிவிடுகிறது. அந்தத் தொங்கல் நாலு மணி நேர ஓப்பராவின் கடைசிப் பக்கம் வரை தீர்வதில்லை. மேற்கத்திய ஹார்மனியின் வரலாற்றையே திருப்பிய இடம் அது. 'பதெடிக்' கார்டு மௌனத்தை வெட்டிக்கொண்டு நுழைகிறது, 'டிரிஸ்டன்' மௌனத்திலிருந்தே முளைக்கிறது என்று பாரன்பாய்ம் இரண்டையும் சேர்த்துப் பேசுவார்.

இஸ்ரேல் நாடாளுமன்றக் குழு ஒன்று அவரைப் புறக்கணிக்கச் சொன்னது. அவர் நிலைப்பாடு எளிமையானது: கேட்க விரும்பாதவரை யாரும் கட்டாயப்படுத்தக்கூடாது, கேட்க விரும்புகிறவரை யாரும் தடுக்கவும் கூடாது. தப்பியவர்களின் வலியை அவர் குறைத்து மதிப்பிட்டார் என்ற குற்றச்சாட்டு இருக்கிறது. அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முதலில் கேட்டு, போக விட்டு, அரை மணி நேரம் வசவை வாங்கிக்கொண்டு, பிறகே வாசித்தார் என்பதையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும்.

ஒரே ஸ்டாண்டில் இரண்டு பேர்

1990களின் தொடக்கத்தில் லண்டன் ஓட்டல் ஒன்றில் தற்செயலாகச் சந்தித்தவர்கள் பாரன்பாய்மும் எட்வர்ட் சயீதும். சயீத் ஜெருசலேமில் பிறந்த பாலஸ்தீனர், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர், நல்ல பியானோக்காரரும்கூட. இருவரும் சேர்ந்து 1999இல் ஜெர்மனியின் வைமார் நகரில், இஸ்ரேலிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் இளம் கலைஞர்களை வரவழைத்தார்கள். கவிஞர் கதே வாழ்ந்த ஊர் அது. பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸைப் படித்து மயங்கி, அறுபது வயதுக்கு மேல் அரபு எழுத்துப் பழகி எழுதியவர் கதே. அவருடைய கவிதைத் தொகுப்பின் பெயரிலிருந்தே வெஸ்ட்-ஈஸ்டர்ன் திவான் ஆர்க்கெஸ்ட்ரா என்ற பெயர் வந்தது. அதே வைமாருக்குச் சில கிலோமீட்டர் தொலைவில்தான் புக்கன்வால்ட் வதைமுகாமும் இருந்தது.

ஆர்க்கெஸ்ட்ராவில் தந்தி வாத்தியக்காரர்கள் இரண்டு இரண்டு பேராக ஒரே ஸ்டாண்டில் ஒரே நோட்டைப் பார்த்து வாசிப்பார்கள். சிரியாக்காரர் ஒருவரும் இஸ்ரேலியர் ஒருவரும் செல்லோவோடு அப்படி உட்கார்ந்த காட்சியை பாரன்பாய்ம் அடிக்கடி நினைவுகூர்வார். இருவரும் ஒரே ஸ்வரத்தை, ஒரே பலத்தில், ஒரே வில்லசைவில், ஒரே உணர்ச்சியில் வாசிக்க முயன்றார்கள். அதற்கு முன்னால் ஒருவரோடொருவர் பேசியதுகூடக் கிடையாது. ஒரு ஸ்வரத்தை அப்படிச் சேர்ந்து வாசித்துவிட்ட பிறகு பழைய கண்ணால் பார்க்க முடியாது என்பார்.

இளையராஜா ரசிகர்களுக்குக் கவுண்டர்பாயிண்ட் என்ற சொல் பழக்கமானது. இரண்டு தனித்தனி மெட்டுகள் ஒரே நேரத்தில் ஓடும். எதுவும் எதற்கும் பக்கவாத்தியமில்லை. தன் குரலை முழுசாக வாசித்தால்தான் மற்றதுக்குத் துணை நிற்க முடியும், மற்றதைக் கேட்டால்தான் தன் குரலை ஒழுங்காக வாசிக்க முடியும். திவானுக்குப் பின்னாலிருந்த சிந்தனை இதுதான். சமாதானத் திட்டம் என்று அதற்குப் பெயர் வைப்பதை அவர் விரும்பியதில்லை, அறியாமைக்கு எதிரான வேலை என்றே சொல்லிவந்தார். பியானோவிலும் இதே ஆசைதான் அவருக்கு. சாதாரணப் பியானோவில் தாழ்ந்த ஸ்வரக் கம்பிகள் மற்றவற்றின் மேலே குறுக்காகப் போகும். ஒலி ஒன்றாகக் கலந்து வரும். சியனாவில், 19ஆம் நூற்றாண்டுப் பியானோ மேதை லிஸ்ட் வாசித்த பழைய பியானோவில் கம்பிகள் நேர்நேராக ஓடுவதைப் பார்த்தவர், பெல்ஜியத்துப் பியானோ தயாரிப்பாளர் கிரிஸ் மேனைக் கொண்டு அப்படி ஒன்றைச் செய்யச் சொல்லி 2015இல் மேடை ஏற்றினார். ஒவ்வொரு குரலும் தனித்துக் கேட்கும்.

2005 ஆகஸ்டில் திவான் பாலஸ்தீன நகரமான ரமல்லாவில் வாசித்தது. போவதற்கு ஸ்பெயின் அரசு கலைஞர்களுக்கு ராஜதந்திர பாஸ்போர்ட் கொடுத்தது. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி. 2008இல் பாலஸ்தீனக் குடியுரிமையையும் அவர் ஏற்றுக்கொண்டார், இஸ்ரேல் குடியுரிமையை வைத்துக்கொண்டே. 2011இல் ஐரோப்பியக் கலைஞர்களோடு எகிப்து வழியாகக் காஸாவுக்குப் போய் மொசார்ட் வாசித்தார். இஸ்ரேலில் பலர் அவரைத் துரோகி என்றார்கள். பாலஸ்தீன ஆதரவாளர்களில் சிலர், இது ஆக்கிரமிப்பை இயல்பானதுபோலக் காட்டுகிறது என்றார்கள். பெரும்பாலான அரபு நாடுகளில் திவான் வாசிக்கவே முடிந்ததில்லை.

குறைகள்

அதிகம் சொல்லாமல் கடக்கக்கூடாத இரண்டு. ஒன்று, ஒரே ஆள் இத்தனை வேலை செய்ததன் விலை. பிந்திய காலப் பியானோக் கச்சேரிகளில் பயிற்சி போதாமல் விரல் தவறிய இடங்கள் உண்டு. மற்றது, 2019இல் பெர்லின் ஓப்பரா ஆர்க்கெஸ்ட்ராவில் முன்பு இருந்த சிலர், ஒத்திகைகளில் அவர் அவமானப்படுத்தினார், கத்தினார் என்று வெளிப்படையாகப் புகார் சொன்னார்கள். அவர் மறுத்தார். நிர்வாகம் ஒப்பந்தத்தை 2027 வரை நீட்டித்தது. ஒருவரையொருவர் கேட்பதுதான் இசை என்று வாழ்நாளெல்லாம் சொன்னவர் மீது வந்ததால் அந்தப் புகார் கூடுதலாக உறுத்துகிறது.

கை தளர்ந்த பிறகு

பார்க்கின்சனில் மூளையின் டோபமின் சுரக்கும் செல்கள் குறைந்துகொண்டே போகின்றன. அசைவு மெதுவாகிறது, தசை இறுகுகிறது, சிலருக்கு நடுக்கம் வருகிறது. பியானோவுக்கு இது நேரடி அடி. விரலின் எடையைக் கம்பளிச் சுத்தியலுக்கு இம்மி பிசகாமல் அனுப்ப வேண்டிய கருவி அது.

நடத்துநருக்கு நிலைமை வேறு. வேலையின் பெரும்பகுதி ஒத்திகையில் வாயாலும் காதாலும் நடப்பது. தன்னை முப்பது வருடமாகத் தெரிந்த ஆர்க்கெஸ்ட்ராவுக்குச் சிறு அசைவே போதும். மொசார்ட் கன்செர்ட்டோக்களில் கண்ணாலும் மூச்சாலும் நடத்திப் பழகியவருக்கு இது புதிதும் இல்லை. ஆனால் நாலு மணி நேர ஓப்பராவைத் தினமும் தாங்குவதும் ஒரு நிறுவனத்தை நிர்வகிப்பதும் வேறு. அதனால்தான், நரம்பு சம்பந்தமான கடும் பாதிப்பு என்று 2022 அக்டோபரில் சொன்னவர், 2023 ஜனவரி முடிவில் பெர்லின் ஓப்பராப் பொறுப்பை விட்டார். அதே மாதத் தொடக்கத்தில் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கோடு அவர் நடத்திய கச்சேரியில் பியானோ வாசித்தவர் மார்த்தா அர்கெரிச், ப்யூனஸ் அயர்ஸ் குழந்தைப் பருவத் தோழி. பதவியை விட்டாலும் திவானை விடவில்லை. 2025 அறிவிப்பிலும் தன் முதல் பொறுப்பாக அதையே குறிப்பிட்டார்.

கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி. பீத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் அவர் இருபதுகளில் ஒருமுறை முழுவதுமாகப் பதிவு செய்தார். 2020இல், கொரோனாவால் அரங்குகள் மூடிக்கிடந்தபோது, ஆளில்லாத பெர்லின் பியர் பூலேஸ் அரங்கில் 77 வயதில் மறுபடி பதிவு செய்தார். இரண்டிலும் 'பதெடிக்' தொடக்கத்தை மட்டும் போட்டு, முதல் கார்டுக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் நடுவில் அவர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று கேளுங்கள்.